கணக்குக் கேட்கத்தான் அனுப்பினோம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம்மை இன்று இங்கே கூட்டியிருக்கும் இந்த அறக்கட்டளை ஏற்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் தம் உழைப்பில் சேர்த்த பணத்தை ஒரு நோக்கத்துக்கு என்று எழுதிவைக்கிறார். முதலைத் தொடக் கூடாது. வட்டியை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும். ஆண்டு முடிந்ததும் கணக்கைத் தணிக்கை செய்து முன்வைக்க வேண்டும். அறங்காவலர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டு இந்தக் கடமையிலிருந்து விலகிவிட முடியாது. இங்கே கணக்குக் கேட்பதை யாரும் அவமதிப்பாகக் கருதுவதில்லை. அரசின் பணமும் இப்படி ஒப்படைக்கப்பட்ட பணம்தான். ஒப்படைத்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்டால் மட்டும் எதிர்க்கட்சிக்காரன், வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவன் என்றெல்லாம் பெயர் வந்துவிடுகிறது.

தேர்தல் வந்தால் நம் தொகுதி உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேட்கிறோம்: "தொகுதிக்கு என்ன செய்தீர்கள்?" அவரும் பட்டியல் தருகிறார். பேருந்து நிழற்குடை, சமுதாயக் கூடம், உயர்கோபுர மின்விளக்கு, பள்ளிச் சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு. எல்லாவற்றிலும் அவர் பெயர் எழுதியிருக்கிறது. "அரசு செலவிட்ட பணத்தைப் பற்றி அவையில் என்ன கேட்டீர்கள்?" என்று நாம் கேட்பதில்லை. அவரும் அதற்குப் பதில் தயாரித்து வைப்பதில்லை. இந்த இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்கப்பட வேண்டியது. நம் பிரதிநிதியைச் செலவு செய்பவராக மாற்றினோம். செலவுக்குக் கணக்குக் கேட்பவரை இழந்தோம். இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பணத்தின் மீது அவைக்கு உள்ள அதிகாரம்

அரசமைப்புச் சட்டம் பணத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் மிகக் கறாராகப் பேசுகிறது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது என்கிறது 265-ஆவது பிரிவு. வரியாகவும் கடனாகவும் வருபவை தொகுப்பு நிதியில் சேர வேண்டும், சட்டப்படி அன்றி அதிலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்கிறது 266-ஆவது பிரிவு. முதலமைச்சரானாலும் தலைமைச் செயலாளரானாலும் தம் விருப்பத்துக்கு அதில் கைவைக்க முடியாது.

அந்தச் சட்டம் எப்படி உருவாகிறது? ஒவ்வொரு துறையும் தன் செலவுக்கு மானியக் கோரிக்கையுடன் அவைமுன் வருகிறது. சொல்லைக் கவனியுங்கள், அரசு அவையிடம் கேட்கிறது. தருவதா, குறைத்துத் தருவதா என்று முடிவு செய்பவர்கள் உறுப்பினர்கள். குறைக்கச் சொல்வதற்கு வெட்டுத் தீர்மானம் என்ற கருவி அவர்கள் கையில் இருக்கிறது. ஒரு கொள்கையையே ஏற்கவில்லை என்றால் அந்த மானியத்தை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். சிக்கனம் வேண்டும் என்றால் குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைக்கச் சொல்லலாம். ஒரு குறையை மட்டும் சுட்ட வேண்டும் என்றால் நூறு ரூபாயைக் குறைக்கச் சொல்லிப் பேசலாம். மானியங்கள் நிறைவேறி, நிதி ஒதுக்கச் சட்டம் வந்த பிறகுதான் கருவூலத்திலிருந்து பணம் புறப்படும்.

இவ்வளவு அதிகாரம் உள்ள அவை அதை எப்படிப் பயன்படுத்துகிறது? 2018 மார்ச்சில் மக்களவை மத்திய அரசின் அந்த ஆண்டு மானியக் கோரிக்கைகள் அனைத்தையும் விவாதமின்றி நிறைவேற்றியது. 2023 மார்ச்சிலும் அப்படித்தான். சுமார் 45 லட்சம் கோடி ரூபாய் வரவு செலவுத் திட்டத்தின் கோரிக்கைகள், பாதுகாப்பு, வேளாண்மை, கல்வி, சுகாதாரம் எல்லாம் சேர்ந்து, அமளிக்கு நடுவே சில நிமிடங்களில் முடிந்துபோயின. ஆளுங்கட்சி விவாதத்துக்கு வழிவிடவில்லை என்றார்கள் ஒருபுறம். எதிர்க்கட்சி அவையை நடத்தவிடவில்லை என்றார்கள் மறுபுறம். இருவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஓர் ஆண்டின் செலவு முழுவதும் ஒரு கேள்விகூட இல்லாமல் கடந்து சென்றது. அதற்காக எந்தத் தொகுதி வாக்காளரும் தம் உறுப்பினரிடம் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு அதிகம் வருத்தம் தருவது அதுதான்.

நம் சட்டப்பேரவையில் துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கிறது. கொள்கை விளக்கக் குறிப்புகள் புத்தகங்களாக வருகின்றன. நல்ல மரபு. ஆனால் அந்தப் பேச்சுகளைப் படித்துப் பாருங்கள். தலைவருக்கு நன்றி, எதிர்த் தரப்புக்குப் பதிலடி, தன் தொகுதிக்கு ஒரு பாலம், ஒரு கல்லூரி என்ற வேண்டுகோள். சென்ற ஆண்டு இந்தத் தலைப்பில் ஒதுக்கிய தொகையில் எவ்வளவு செலவானது, மிச்சம் ஏன் திரும்பியது, கடைசி மாதத்தில் மட்டும் ஏன் இவ்வளவு செலவு என்ற கேள்விகள் அரிதாகவே வருகின்றன. நிதியாண்டின் இறுதி மாதங்களில் அவசரமாகச் செலவழிப்பதை நிதி ஒழுங்குமீறல் என்றே மத்திய அரசின் பொது நிதி விதிகள் சொல்கின்றன. அதை அவையில் கேட்க வேண்டியவர், தன் தொகுதிக்கு வரவேண்டியது வந்தால் போதும் என்று உட்கார்ந்துவிடுகிறார்.

1993-இல் நடந்த மூன்று காரியங்கள்

கணக்குக் கேட்க வேண்டியவர் செலவு செய்பவராக மாறியது எங்கே தொடங்கியது என்று தேடினால் 1993 முக்கியமான ஆண்டாகத் தெரிகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் துறைசார்ந்த நிலைக்குழுக்கள் செயல்படத் தொடங்கின. ஒவ்வொரு துறையின் மானியக் கோரிக்கையையும் கட்சி கடந்து உட்கார்ந்து ஆராய்வது அவற்றின் வேலை. அதே ஏப்ரல் 24 அன்று 73-ஆவது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளுக்கு அரசமைப்பு அங்கீகாரம் கிடைத்தது. ஊர்ப் பணிகளை ஊரே திட்டமிட்டுச் செய்ய வழி பிறந்தது. செலவை ஆராயும் வேலை நாடாளுமன்ற உறுப்பினருக்கு, தெருவிளக்கும் குடிநீரும் உள்ளாட்சிக்கு என்று பொறுப்புகள் அழகாகப் பிரிந்தன.

அதே ஆண்டு டிசம்பரில் மூன்றாவது காரியம் நடந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதலில் உறுப்பினருக்கு 5 லட்சம், அடுத்த ஆண்டு 1 கோடி, 1998-99-இல் 2 கோடி, 2011-12 முதல் 5 கோடி. மாநிலங்களும் இதே வழியில் சென்றன. தமிழ்நாட்டில் இன்று ஒரு சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்.

இந்தத் திட்டத்தில் உறுப்பினர் பணத்தைக் கையால் தொடுவதில்லை. அவர் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் தந்து பணியை நடத்துகிறது. இந்தத் திட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. இதனால் கட்டிய பள்ளி அறைகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அரசமைப்பின் செயல்பாட்டை ஆராய்ந்த தேசிய ஆணையம் 2002-இலும், இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-இலும் இதைக் கைவிடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நிர்வாகத்தின் செலவை மேற்பார்வையிட வேண்டியவரே நிர்வாகத்தின் செலவில் பங்காளி ஆகிறார். சாலை பெயர்ந்தால் உறுப்பினர் ஆட்சியர் அலுவலகத்தைக் காட்டுவார். ஆட்சியர் அலுவலகம் உறுப்பினரின் பரிந்துரைக் கடிதத்தைக் காட்டும். இரு கைகளும் ஒரே பணியில் இருக்கும்போது எந்தக் கை எந்தக் கையைப் பிடிக்கும்?

அளவையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 234 உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 702 கோடி. மாநிலத்தின் ஆண்டுச் செலவோ மூன்று லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. நூறு ரூபாயில் கால் ரூபாய்கூட இல்லாத ஒரு தொகைக்காக நாம் அவரைப் பாராட்டுகிறோம், திட்டுகிறோம், திரும்பத் தேர்ந்தெடுக்கிறோம். மீதி 99 ரூபாய் 75 காசு எப்படிச் செலவானது என்று கேட்கும் பொறுப்பும் அவருக்குத்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். அந்தப் பெரும்பணத்தில்தான் நம் அரசு மருத்துவமனையின் மருந்தும், ரேஷன் கடையின் அரிசியும், ஏரியின் மதகும் இருக்கின்றன.

ஆளுங்கட்சி வரிசையிலிருந்து வந்த கேள்வி

கட்சிக்காரராக இருந்துகொண்டு கணக்குக் கேட்க முடியுமா என்ற ஐயம் உங்களில் பலருக்கு எழும். முடியும் என்று ஒருவர் காட்டியிருக்கிறார்.

1957 ஜூனில் ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. கழகம் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. முதலீடுகளை ஆராய்வதற்கென்றே இருந்த குழுவின் கருத்து கேட்கப்படவில்லை. தடுமாறிக்கொண்டிருந்த ஒரு வணிகரைத் தாங்கிப்பிடிக்க, பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியம் போயிற்று. அந்த டிசம்பர் 16 அன்று மக்களவையில் எழுந்து இதைத் தோலுரித்தவர் ஃபெரோஸ் காந்தி. ரேபரேலி தொகுதியின் உறுப்பினர், ஆளும் காங்கிரஸ் கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். கேள்விக்கு ஆளான நிதியமைச்சர் நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அமைச்சரவையின் வலுவான தூண்களில் ஒருவர்.

ஃபெரோஸ் காந்தி முழக்கமிடவில்லை. ஆவணங்களைச் சேகரித்திருந்தார். எந்த நாளில் என்ன விலை, சந்தையில் என்ன நிலவரம், யார் யாருக்குக் கடிதம் எழுதினார் என்று அடுக்கினார். அரசு ஒரு நபர் ஆணையம் அமைத்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் கேட்க வெளியே ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. சில வாரங்களில் விசாரணை முடிந்தது. செயலாளர் செய்தார், எனக்குத் தெரியாது என்று அமைச்சர் ஒதுங்கிக்கொள்ள முடியாது, தன் துறை அதிகாரியின் செயலுக்கு அமைச்சரே அவைக்குப் பொறுப்பு என்று சாக்ளா முடிவு சொன்னார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

அரசு கவிழ்ந்துவிடவில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகமும் நொடித்துப்போகவில்லை. கேள்வி கேட்டதால் நிறுவனம் வலுப்பட்டது. இதே ஃபெரோஸ் காந்திதான் 1956-இல், நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்புத் தரும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்து சட்டமாக்கினார். அவையில் கேட்ட கணக்கு மக்கள் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டதும், 1977-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டதும் அதன் அருமையைச் சொல்லும்.

அப்போது கட்சித் தாவல் தடைச் சட்டம் இல்லையே என்று சொல்லலாம். 1985-இல் வந்த அந்தச் சட்டம் கட்சியிலிருந்து தானாக விலகுவதற்கும், கொறடா உத்தரவை மீறி அவையில் வாக்களிப்பதற்கும் வாக்களிக்காமல் இருப்பதற்கும்தான் தண்டனை தருகிறது. கேள்வி கேட்பதற்கோ, குழுவில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டுவதற்கோ எந்தத் தடையும் அதில் இல்லை. தடை நம் அரசியல் பழக்கத்தில் இருக்கிறது. பழக்கத்தை மாற்ற முடியும்.

செலவான பிறகு

செலவுக்கு முன்னால் மானியக் கோரிக்கை. செலவான பிறகு தணிக்கை. அரசமைப்பின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகள் கணக்குத் தணிக்கைத் தலைவரைப் பற்றியவை. அரசமைப்புச் சட்டத்திலேயே மிக முக்கியமான அலுவலர் அநேகமாக இவர்தான் என்ற பொருளில் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் பேசியிருக்கிறார். இவரது அறிக்கை மாநிலத்தில் ஆளுநர் வழியாகப் பேரவைக்கு வரும். அதைப் பொதுக் கணக்குக் குழு எடுத்து, செயலாளர்களை அழைத்து விசாரிக்கும். நாடாளுமன்றத்தில் இந்தக் குழு 1921 முதல் இருக்கிறது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர் யாரும் உறுப்பினராக முடியாது. 1967-இல் மினு மசானி தலைவரானது முதல், எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே தலைவர் என்ற மரபு நிலைத்திருக்கிறது.

ஏற்பாடு நேர்த்தியானது. அது தளர்ந்துபோகும் இடங்கள் இரண்டு. முதலாவது, காலம். தணிக்கை அறிக்கையை இத்தனை நாளுக்குள் அவையில் வைக்க வேண்டும் என்று 151-ஆவது பிரிவு கெடு வைக்கவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் அறிக்கையை வைத்துவிட்டு அவையை ஒத்திவைக்கும் வழக்கம் பல மாநிலங்களில் உண்டு. குழு அதை எடுப்பதற்குள் அமைச்சர் மாறியிருப்பார், செயலாளர் ஓய்வு பெற்றிருப்பார், ஒப்பந்ததாரர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

இரண்டாவது, கட்சி. அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய 2010 தணிக்கை அறிக்கையை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரித்தது. 2011 ஏப்ரலில் வரைவு அறிக்கை வந்தபோது குழு கட்சிவாரியாகப் பிளந்தது. தலைவர் வெளியேறிய பின் பெரும்பான்மையினர் வேறொருவரைத் தலைவராக்கி வரைவை நிராகரித்தார்கள். சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. தணிக்கை சொன்ன இழப்பு சரியா, மிகையா என்பதில் உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். அதை நிதானமாக எடைபோட்டு நாட்டுக்குச் சொல்ல வேண்டிய அவையின் குழு, அந்த வேலையைச் செய்ய முடியாமல் போயிற்று. ஒரு தொகை தேர்தல் மேடைகளில் முழங்கியது. அதைப் பற்றிய ஆய்வு அவையில் முடங்கியது.

கேட்க வேண்டியவர்கள் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பீகார் மாட்டுத்தீவன ஊழலைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கால்நடைத் துறை, சட்டமன்றம் ஒப்புதல் தந்த தொகையைவிட மிக அதிகமாகக் கருவூலங்களிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தது. ஓராண்டு அல்ல, பல ஆண்டுகள். ஒதுக்கியதையும் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்திருக்கும். மாடுகளையும் தீவனத்தையும் ஏற்றிச் சென்றதாகக் காட்டிய வாகன எண்களில் சில ஸ்கூட்டர்களுக்கு உரியவை. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் மாவட்ட நிர்வாகம் சோதனை நடத்தியபோதுதான் விஷயம் வெடித்தது. ஏறத்தாழ 950 கோடி ரூபாய் போயிருந்தது. சாய்பாசா கருவூல வழக்கொன்றில் முன்னாள் முதலமைச்சர்கள் லாலு பிரசாத், ஜெகந்நாத் மிஸ்ரா இருவரும் 2013-இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஒப்புதலுக்கு மேல் எடுத்த பணத்துக்கு அவை மறு ஒப்புதல் தர வேண்டும் என்று 205-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு சில உறுப்பினர்கள் விடாமல் கேட்டிருந்தால், பழங்குடி மக்கள் வாழும் அந்த மாவட்டத்தின் கருவூலம் இவ்வளவு காலம் கொள்ளை போயிருக்காது.

கணக்குக் காட்டாதவருக்குப் பதவி இல்லை என்பது நம் மண்ணுக்குப் பழக்கமான விதி. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில், பராந்தகச் சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று பொறித்துவைத்தார்கள். அது நிலமும் வேதக் கல்வியும் உள்ள அந்தணர்களின் சபை. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அங்கே கேள்வி கேட்கும் இடம் இல்லை. இன்று எல்லோருக்கும் வாக்கு இருக்கிறது. ஆனால் விதி தளர்ந்திருக்கிறது. தன் தேர்தல் செலவுக்குக் கணக்குத் தராத வேட்பாளரை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவு மூன்றாண்டுகள் தகுதி நீக்கம் செய்யும். அரசுப் பணத்துக்குக் கணக்குத் தராத அமைச்சருக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அங்கே தண்டனை தர வேண்டியவர்கள் வாக்காளர்கள்.

ராஜஸ்தானில் கூலிக்காரர்கள் கேட்டது

வாக்காளர் எப்படிக் கேட்பது? பெரிய படிப்பு வேண்டாமா? வேண்டாம் என்று காட்டியவர்கள் மத்திய ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். 1990-இல் மே தினத்தன்று பீம் என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் தொடங்கியது. சென்னையில் பிறந்து, இந்திய ஆட்சிப் பணியை விட்டு வந்த அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அந்த மக்களோடு இருந்தார்கள். வறட்சி நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், நீங்கள் செய்த வேலை பதிவேட்டில் குறைவாக இருக்கிறது என்றார்கள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க ரகசியம் என்றார்கள். கூலி வேண்டுமென்றால் முதலில் காகிதம் வேண்டும் என்று அந்தப் பெண்களும் ஆண்களும் உணர்ந்த இடம் அது.

1994 டிசம்பர் 2 அன்று கோட்கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணை நடந்தது. கிடைத்த மஸ்டர் ரோல்களையும் (வருகைப் பதிவேடுகள்) பில்களையும் ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். பெயர் வாசிக்க வாசிக்க, "நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை" என்று ஆட்கள் எழுந்தார்கள். முடியாத கட்டடம் முடிந்ததாகக் கணக்கில் இருந்தது. வாசித்ததைச் சரிபார்க்கத் தணிக்கையாளர் தேவைப்படவில்லை. கட்டடம் எதிரிலேயே நின்றது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்ற அவர்களின் முழக்கம் தேசிய இயக்கமாகி, 2005 அக்டோபர் 12 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. இப்படிப்பட்ட சட்டத்தை மாநில அளவில் 1997-இலேயே முதலில் இயற்றியது தமிழ்நாடு. ஆனால் அதில் விதிவிலக்குகள் மிகுதி. போராடிப் பெற்ற சட்டத்துக்கு இருந்த வலு அதற்கு இல்லை.

2005 சட்டத்தை நாம் கடிதம் எழுதிப் பதில் வாங்கும் சட்டமாகவே நினைக்கிறோம். அதன் 2(ஜெ) பிரிவைப் படியுங்கள். நடக்கும் அரசுப் பணியை நேரில் ஆய்வு செய்ய, கோப்பிலிருந்து குறிப்பெடுக்க, பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் தெருவில் போடும் சாலையின் கலவையை மாதிரியாகக் கேட்கலாம். நூறு நாள் வேலைச் சட்டம் அதே 2005-இல் தன் 17-ஆவது பிரிவில், பணிகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்யும் என்று எழுதியது. கோட்கிரானாவில் கூலிக்காரர்கள் செய்ததைத்தான் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. 2017-இல் மேகாலயா ஒரு படி மேலே போய், பல துறைகளின் திட்டங்களுக்கும் சமூகத் தணிக்கையைத் தனிச் சட்டமாகவே கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. 2022 முதல் நகர வார்டுகளில் பகுதி சபைகளும் வந்துவிட்டன. ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் வைத்தாக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்கிறோமா? ஊரில் கேட்டுப் பழகாத கேள்வி கோட்டையில் திடீரென்று எழாது.

நாம் கோர வேண்டியவை

ஐந்து கோரிக்கைகளை இந்த அவையில் வைக்கிறேன். ஒன்று, தணிக்கை அறிக்கை அரசின் கைக்கு வந்ததிலிருந்து குறிப்பிட்ட நாட்களுக்குள் அவையில் வைக்கப்பட வேண்டும்; தவறினால் தானாகவே மக்கள் பார்வைக்கு வர வேண்டும். இரண்டு, பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளை விசாரிப்பதைக் கதவடைத்து நடத்தக் கூடாது. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் அந்த விசாரணையை யாரும் பார்க்கலாம். பார்வையாளர் இருந்தால் உறுப்பினர் படித்துவிட்டு வருவார். மூன்று, நம் சட்டப்பேரவையிலும் ஒவ்வொரு மானியக் கோரிக்கையும் வாக்கெடுப்புக்கு முன் ஒரு குழுவின் ஆய்வுக்குப் போக வேண்டும். கேரளச் சட்டமன்றம் 1980-இலேயே இதற்கான குழுக்களை உருவாக்கியது. நான்கு, தொகுதி மேம்பாட்டு நிதியை உள்ளாட்சிகளுக்கே நேரடியாகக் கொடுத்து, உறுப்பினரைக் கணக்குக் கேட்கும் வேலைக்கு விடுவிக்க வேண்டும். ஐந்து, ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரும் எத்தனை நாள் வந்தார், செலவைப் பற்றி என்ன கேட்டார், குழுக் கூட்டங்களில் எத்தனைக்கு வந்தார் என்பதைப் பேரவையே தமிழில் வெளியிட வேண்டும்.

இவற்றை எந்தக் கட்சியும் தானாகத் தராது. ஆட்சியில் இல்லாதபோது எல்லோரும் கணக்குக் கேட்பார்கள். ஆட்சிக்கு வந்ததும் எல்லோருக்கும் கணக்குக் கசக்கும். ஆகவே இதைக் கேட்கும் பொறுப்பு எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாத உங்களைப் போன்ற இளைஞர்களிடம் இருக்கிறது. மாணவ நண்பர்களே, நம் மாநிலம் பற்றிய கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் மாவட்டத்தின் பெயர் வரும் பக்கங்களை மட்டும் படியுங்கள். அதில் சொன்ன பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் நேரில் போய்ப் பாருங்கள். பார்த்ததை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி உங்கள் உறுப்பினரிடம் கொடுங்கள். "இதை அவையில் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். கேட்டாரா என்று அடுத்த கூட்டத்தொடர் முடிந்ததும் மறுபடி போய் விசாரியுங்கள்.

நன்றாகக் கேள்வி கேட்கும் உறுப்பினருக்கு இன்று தொகுதியில் மதிப்பில்லை. மதிப்பில்லாத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள். அந்த மதிப்பை உண்டாக்கும் வல்லமை நம் வாக்குக்கு இருக்கிறது. வரும் தேர்தலில் வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது, என்ன கட்டித் தருவீர்கள் என்று கேட்பதற்கு முன், எதைக் கேட்பீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு வாக்களியுங்கள். சொன்னபடி அவர் அவையில் கேட்டால், உங்கள் தெருவில் அவர் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லாவிட்டாலும் அவரைத் திரும்ப அனுப்புங்கள்.